சார்ஜ் ஏறாத வண்டியும் கரிசல்காட்டுப் பட்டறையும்

"ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு அண்ணாச்சி. காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்கு."

ஓட்டப்பிடாரம், குறுக்குச்சாலை, விளாத்திகுளம், கோவில்பட்டி என்று கரிசல்காட்டில் எங்கே 'ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' பலகை தொங்கினாலும், அந்தக் கடையில் அதிகம் கேட்கும் முறையீடு இதுதான். பழைய கைக்காரராக இருந்தால் பானட்டைத் தூக்கியதும் பேட்டரி பக்கம் போகமாட்டார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அரை அங்குலம் அமுங்கினால் சரி. அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்குகிறது, டைனமோ வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை என்று அர்த்தம். பெல்ட்டின் உள்பக்கம் மெருகேறி வழவழத்திருந்தாலும் அதே கதைதான். பெல்ட் சரியென்றால் அடுத்து டெர்மினல், அதற்கடுத்து எர்த் வயர், பிறகு பேட்டரி, கடைசியாகத்தான் டைனமோ. செலவில்லாத காரணத்திலிருந்து செலவுள்ள காரணத்துக்குப் போகும் இந்த வரிசையை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நூறாண்டு மோட்டார் தொழில் கைமாற்றிக் கொடுத்தது அது.

ஓட்டப்பிடாரம் என்றதும் தமிழர்க்கு நினைவு வருவது 1872ல் அங்கே பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையும், பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும். அது நியாயம்தான். ஆனால் மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் கம்பும் மிளகாயும் விளையும் இந்தப் பூமிக்கு மோட்டார் வண்டியின் சரித்திரமும் ஒன்று உண்டு. ஊருக்கும் ஊருக்கும் நடுவே நிழலில்லாத நெடுஞ்சாலை. கோடையில் கொதிக்கும் தார். மழை பெய்தால் டயரைப் பிடித்துக்கொள்ளும் கரிசல் சேறு. தூத்துக்குடிப் பக்கம் போனால் உப்புக்காற்று. வண்டியின் மின்சார உறுப்புகளுக்கு இதைவிடக் கடுமையான இடம் தமிழ்நாட்டில் குறைவு. அங்கே ஓடிய வண்டிகளைக் காப்பாற்றியவர்களின் வேலை எப்படி உருவானது, எப்படி மாறியது என்பது எழுதிவைக்கத் தகுந்தது.

ஆரம்ப கால மோட்டார் வண்டிக்கு சார்ஜ் பிரச்சினையே கிடையாது, சார்ஜ் செய்ய எதுவுமே இல்லாததால். தீப்பொறிக்கு மேக்னெட்டோ இருந்தது. வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு. கிளப்புவதற்கு முன்னால் ஹேண்டில். 1912ல் அமெரிக்காவின் கெடிலாக் நிறுவனம், சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டரைத் தன் காரில் வைத்தது. அன்றைக்குத்தான் பேட்டரி வண்டியின் தவிர்க்க முடியாத உறுப்பானது. பேட்டரி வந்தால் அதை நிரப்ப ஒரு டைனமோ வேண்டும், டைனமோ மிஞ்சிப் போகாமல் பிடித்துவைக்க ஒரு கட்டுப்பாடு வேண்டும். 'சார்ஜ் ஏறவில்லை' என்ற கோளாறும் அதைத் தீர்க்கும் தொழிலும் ஒன்றாகவே பிறந்தன.

தென்மாவட்டங்களில் மோட்டார் தொழிலின் தாய்வீடு மதுரை. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911ல் அங்கே தொடங்கிய நிறுவனம் பஸ் ஓட்டியது, லாரி ஓட்டியது, உதிரிபாகம் விற்றது, பழுதும் பார்த்தது. ஃபோர்டு இந்தியாவில் கிளை திறந்தது 1926ல். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார் பூட்டும் ஆலை வைத்தது 1928ல். அந்தக் கால அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் 6 வோல்ட் மின்சாரத்தில் ஓடின. அவற்றின் டைனமோவில் மூன்றாவதாக ஒரு பிரஷ் இருக்கும். அதை நகர்த்தித்தான் எத்தனை ஆம்பியர் ஏற வேண்டும் என்று வைப்பார்கள். பேட்டரி நிறைந்துவிட்டதா, இன்னும் காலியா என்பது அந்த டைனமோவுக்குத் தெரியாது. வைத்த அளவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பகலில் வெகுதூரம் ஓடினால் பேட்டரி பொங்கும். அதனால் பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டி மிச்ச மின்சாரத்தைச் செலவழிக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. பேட்டரி டெர்மினல் வழியில் கழன்றாலோ வோல்ட் எகிறி, எரிந்துகொண்டிருந்த பல்பெல்லாம் ஃபியூஸ் போய்விடும். பேட்டரி, டைனமோ, விளக்கு மூன்றும் ஒன்றையொன்று பிடித்திருப்பவை, ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்ற பாடத்தை இந்த மூன்று பிரஷ் டைனமோதான் புகட்டியது.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்பவர்கள் மட்டும் தொழில் நடத்தலாம் என்று அரசு முடிவெடுத்ததும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவில் விலகின. 1958ல் இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர் வந்தது. பம்பாயிலிருந்து ஃபியட், சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காரை யாரும் ஐந்து வருடத்தில் தள்ளிவிட மாட்டார்கள். கரிசல்காட்டு ஊர்களில் ஒரே அம்பாசடர் டாக்டரிடமிருந்து மில்காரரிடமும், அவரிடமிருந்து வாடகைக்கார் ஓட்டுபவரிடமும் போய் இருபது முப்பது ஆண்டு உழைத்தது சாதாரணம். வண்டி அத்தனை காலம் ஓட வேண்டுமென்றால் அதன் டைனமோவும் ஓட வேண்டும்.

1961ல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் கைகோத்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியில் ஆலை. டைனமோ, ஸ்டார்ட்டர், ரெகுலேட்டர் எல்லாம் தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்டன. கோவில்பட்டியில் லூகாஸ் பிரஷ் கிடைத்தது, ஆர்மேச்சர் கிடைத்தது. கிடைத்தாலும் விலை உண்டு. ஆகவே வாங்கி மாட்டுவதைவிடக் கழற்றி, சுத்தம் செய்து, காயில் கட்டி, திரும்பப் போடுவதே முறையாயிற்று. ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ற தனித்தொழில் வேர்விட்டது அப்போதுதான். 1974ல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிரிந்து வந்ததும், அதே ஆண்டு தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு லாரிகள் பெருகியதும் அந்தத் தொழிலுக்கு மேலும் வேலை கொடுத்தன.

அந்த வேலையின் நுட்பத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். லூகாஸ் டைனமோவின் முதுகில் இரண்டு டெர்மினல் இருக்கும்: பெரியது டி, சிறியது எஃப். டி வழியாக மின்சாரம் வெளியே வரும். எஃப் வழியாக ஃபீல்டு காயிலுக்குப் போகும். வண்டியின் முன்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு ரெகுலேட்டரும் ஒரு கட்-அவுட்டும். டைனமோ சுமார் 13 வோல்ட்டை எட்டியதும் கட்-அவுட் சேர்ந்து பேட்டரிக்கு வழிவிடும். வேகம் குறைந்தால் பிரிந்து, பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும். டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே தொங்குகிறது. இரு பக்கமும் வோல்ட் சமமானால் அணையும். வண்டி வேகமெடுத்த பிறகும் அது மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ ஓர் இணைப்பு தேய்ந்திருக்கிறது அல்லது துரு ஏறியிருக்கிறது.

சார்ஜ் இல்லையென்று வண்டி வந்தால் கோளாறு டைனமோவிலா, பெட்டியிலா என்று பிரித்தாக வேண்டும். டைனமோவிலிருந்து இரண்டு வயரையும் கழற்றி, டியையும் எஃப்பையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார் எலக்ட்ரீஷியன். மீட்டரின் ஒரு முனை அதில், மறுமுனை பாடியில். இன்ஜினைக் கிளப்பி மெல்ல ஆக்ஸிலேட்டரைக் கொடுக்க வேண்டும்; முள் தடுமாறாமல் விறுவிறுவென்று ஏறினால் டைனமோ குற்றமற்றது, பெட்டியைப் பார்க்க வேண்டும். 20 வோல்ட்டை எட்டும்முன் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் காயில் வெந்துவிடும். முள் அசையவே இல்லையென்றால் பிரஷ். அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றுவிட்டால் ஃபீல்டு காயில். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். லூகாஸின் பணிமனைக் கையேட்டில் உள்ள முறை இது. கையேட்டை வாழ்நாளில் கண்டிராத பட்டறைக்காரர்களும் இதே கணக்கைத்தான் பின்பற்றினார்கள். மீட்டர் இல்லாதவர் 12 வோல்ட் பல்பை வைத்து, அதன் வெளிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

குற்றம் பிரஷ் பக்கம் என்றால் வேலை மேஜைக்கு வரும். கார்பன் பிரஷ் தேய்ந்த தூள் கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே அடைந்திருக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பார்கள். செம்பு தேய்ந்து நடுவிலுள்ள மைக்கா உயர்ந்து நின்றால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். ஆக்ஸா பிளேடின் பக்கங்களைச் சாணையில் தேய்த்து மைக்காவின் அகலத்துக்கு மெலிதாக்கி, ஒவ்வொரு காடியையும் 1/32 அங்குல ஆழம் சுரண்டி எடுப்பார்கள். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துச் செய்யும் வேலை. ஒரு டைனமோவுக்கு அரை நாள் போகும். பெட்டிக்குள் ரெகுலேட்டர் முனையை கார்பரண்டம் கல்லால் தேய்க்க வேண்டும்; கட்-அவுட்டின் வெள்ளி முனைக்கு நைஸான கண்ணாடித்தாள், எமரி கூடவே கூடாது. டைனமோவின் பின்பக்க புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு ஆயில் விட ஒரு துளை உண்டு. நல்ல எண்ணத்தோடு நாலு சொட்டு கூடுதலாக விட்ட டிரைவர்களால் கம்யூட்டேட்டர் எண்ணெயாகிக் கெட்ட டைனமோக்கள் ஏராளம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சில டைனமோ வேலை செய்யாது. வெகுநாள் சும்மா கிடந்தாலோ, பேட்டரியை மாற்றி மாட்டினாலோ அதன் இரும்பில் தங்கியிருந்த காந்தம் மறைந்துபோயிருக்கும் அல்லது திசை திரும்பியிருக்கும். அதற்கு ஒரே வைத்தியம், வண்டியின் பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் டெர்மினலில் இரண்டு மூன்று தடவை தொட்டுத் தொட்டு எடுப்பது. ஒரு சின்னப் பொறி. காந்தம் திரும்ப ஏறிவிடும். ஒரு பைசா செலவில்லாத இந்த வைத்தியம் தெரியாமல் எத்தனை நல்ல டைனமோக்கள் பழைய இரும்புக்குப் போயினவோ.

பேட்டரிக்கு வருவோம். கரிசல்காட்டின் முத்திரை அதில்தான் அழுத்தமாக விழுந்திருக்கிறது. லூகாஸ் கையேடுகள் ஆசிட்டின் அடர்த்திக்கு இரண்டு கணக்கு வைத்திருந்தன. நிறைந்த பேட்டரிக்குக் குளிர்ந்த நாட்டில் 1.270 முதல் 1.290, வெப்ப நாட்டில் 1.210 முதல் 1.230. சூட்டில் அடர்ந்த ஆசிட் தகடுகளையும் பிரிப்பான்களையும் தின்றுவிடும் என்பதே காரணம். ஹைட்ரோமீட்டரில் 1.220 காட்டியதும் 'இறங்கிவிட்டது' என்று சொல்லி ஆசிட் ஊற்றியவர் பேட்டரியின் ஆயுளைக் குறைத்தார். ஊர்க்கணக்கு தெரிந்தவர் விட்டுவைத்தார். ரெகுலேட்டரும் அப்படியே. வெப்பம் ஏற ஏற வோல்ட்டைக் குறைத்து வைக்க வேண்டும் என்று கையேட்டில் தனி அட்டவணையே உண்டு.

தண்ணீரும் ஒரு சோதனைதான். இந்தப் பக்கத்தில் பல ஊர்களின் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோடையில் வாரந்தோறும் பேட்டரித் தண்ணீர் வற்றும். அவசரத்துக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும். வடித்த நீர் கிடைக்காத இடத்தில் சுத்தமான மழைநீரை ஊற்றலாம் என்று பழைய கையேடுகள் அனுமதித்தன. ஆனால் மழையே அரிதான பூமி. பேட்டரியின் மேல்மூடியில் படியும் கரிசல் தூசியும் கசியும் ஆசிட்டும் சேர்ந்து ஈரப்படலமாகி, பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மெல்ல மின்சாரம் ஓட வழிவிடும். நிறுத்தி வைத்த வண்டி ஒரு வாரத்தில் இறங்கிப்போவதற்கு இதுவே பல நேரம் காரணம். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெந்நீரும் சோடா உப்பும் கொண்டு கழுவி, வாசலின் தடவினால் போதும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

எர்த் இணைப்பு இன்னொரு பலவீனம். பேட்டரியிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் போகும் பின்னல் பட்டை உப்புக்காற்றில் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். மேலே பார்த்தால் தெரியாது. ஸ்டார்ட்டரை ஐந்து வினாடி இழுத்துவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்ப்பது பழைய பட்டறை வழக்கம். எது சுடுகிறதோ அதில்தான் குற்றம். மீட்டர் வைத்துப் பார்ப்பவர், ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் பாடிக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா என்று பார்ப்பார். இரண்டும் ஒரே சோதனைதான். கைக்குத் தெரிந்ததை மீட்டர் எண்ணாகச் சொல்கிறது.

டைனமோவுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. இன்ஜின் நிதானமாகச் சுற்றும்போது அது சார்ஜ் ஏற்றாது. திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்த வாடகைக் காரும், தேர்தல் நேரத்தில் மேலே குழாய் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக மெதுவாகப் போன ஜீப்பும் சாயங்காலத்துக்குள் பேட்டரியை வற்றடித்துவிடும். ஆல்டர்னேட்டர் வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். 1960ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் அதைப் பெருவாரியாகக் கொண்டுவந்தது. சிலிக்கான் டையோடு மலிந்ததால் சாத்தியமானது அது. இந்தியாவில் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது அதில் ஆல்டர்னேட்டரே இருந்தது. பழைய வகைக் கார்களிலும் மெல்ல மெல்ல அதுவே இடம்பிடித்தது.

பட்டறைக்கு இது சாதாரண மாற்றமில்லை. டைனமோ காலத்துச் சில பழக்கங்கள் ஆல்டர்னேட்டருக்கு விஷமாயின. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் இருக்கிறது' என்று சொல்வது டைனமோவில் பிழைத்துப்போன சோதனை. ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்ட் ஒரு நொடியில் எகிறி டையோடு போகும், பிற்காலக் காரில் கம்ப்யூட்டரும் போகும். பேட்டரியை மாற்றி மாட்டினால் டைனமோவைத் திருப்பிக் காந்தமேற்றிக்கொள்ளலாம். ஆல்டர்னேட்டரின் டையோடு அந்தக் கணமே வெந்துவிடும். தள்ளிக் கிளப்புவதிலும் வித்தியாசம் உண்டு. டைனமோ தன்னிடம் தங்கிய காந்தத்தை வைத்துத் தானே உயிர்பெறும். ஆல்டர்னேட்டரின் ரோட்டருக்கோ முதலில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாக வேண்டும். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை.

இதில் மிக நுட்பமான கோளாறு அந்தச் சிவப்பு விளக்கில்தான் ஒளிந்திருந்தது. பல ஆல்டர்னேட்டர்களில் ரோட்டருக்கு வேண்டிய முதல் மின்சாரம் டேஷ்போர்டு பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜே தொடங்காமல் போகலாம். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்ப்பவர் ஒரு பல்போடு வேலையை முடிப்பார். பார்க்காதவர் புது ஆல்டர்னேட்டர் வாங்கச் சொல்வார்.

வாங்கி மாட்டும் பழக்கம் அதன்பின் வேகமாகப் பரவியது. ஐ.சி. ரெகுலேட்டர் சீல் செய்த பொருள், திறக்க முடியாது. தண்ணீர் ஊற்ற வேண்டாத பேட்டரிகள் 2000க்குப் பிறகு ஊரெங்கும் வந்தன. காயில் கட்டுபவர்கள் குறைந்தார்கள். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. இன்றைய கார்களில் சார்ஜிங் வோல்ட்டை இன்ஜின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. எரிபொருள் மிச்சப்பட ஒரு நேரம் 12.6 என்று காட்டும், பிரேக் பிடிக்கும்போது 15ஐ நெருங்கும். '13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி' என்ற பழைய விதியை மட்டும் நம்பி இந்த வண்டிகளில் தீர்ப்பு சொன்னால் நல்ல ஆல்டர்னேட்டரைக் குப்பைக்கு அனுப்ப நேரிடும். ஆனால் அடிப்படை வரிசை செல்லாததாகிவிடவில்லை. பெல்ட், டெர்மினல், எர்த், பேட்டரி, பிறகுதான் விலையுள்ள பாகம். ஸ்கேனர் காட்டும் கோடுகளை நம்பி இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் இன்று வாடிக்கையாளரின் பணத்தை வீணடிக்கிறார்கள்.

ஓட்டப்பிடாரத்துக்கு அதிகத் தொலைவில்லாத தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார் ஆலை கட்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4ல் திறப்பு. மின்சாரக் காரில் டைனமோவும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை, ஃபேன் பெல்ட்டும் இல்லை. ஆனால் ஓட்டும் பெரிய பேட்டரியோடு, விளக்குக்கும் பூட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் 12 வோல்ட் மின்சாரம் தர ஒரு சின்ன பேட்டரி அதிலும் இருக்கிறது. அதை நிரப்ப ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது. அந்தச் சின்ன பேட்டரி இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கண் திறக்காது. டெர்மினலில் பூக்கும் உப்பும், அரித்துப்போகும் எர்த் பட்டையும் அதற்கும் பொது.

ஆகவே இந்தப் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு லூகாஸ் டைனமோவையும் அதன் கறுப்புப் பெட்டியையும் மேஜைமேல் வையுங்கள். டியையும் எஃப்பையும் சேர்த்து முள் ஏறுவதை மாணவர்கள் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும். கோவில்பட்டியிலும் விளாத்திகுளத்திலும் ஓட்டப்பிடாரத்திலும் டைனமோ காயில் கட்டிய கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்களை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, சொல்வதைப் பதிவு செய்துவையுங்கள். இதை இப்போதே செய்தாக வேண்டும்.